மறுபடி சொல்லுங்க என்று கேட்கத் தெரியாத மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு எங்கேயும் போய்விடவில்லை, அடியில் கிடக்கிறது. இப்போதைக்கு மேலே இருப்பது எரிச்சல்தான், அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கும் இந்த நேரத்தில் எழுதி, உன் லேப்டாப் மேல் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். நீ படிக்கும்போது நான் ஆவடியில் உன் சித்தி வீட்டில் இருப்பேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. மாவு அரைத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், கேஸ் சிலிண்டர் மாற்றியாகிவிட்டது. உன் மூன்றாவது பரீட்சை முடிகிற வரைக்கும், அதாவது ஆறு வாரம், இந்த அயனம்பாக்கம் ஃபிளாட்டில் நீ தனியாக இருக்கப்போகிறாய். இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் எதைச் சொன்னாலும் நீ ‘சரிம்மா’ என்பாய். முப்பத்தொரு வயதில் உனக்குச் சரளமாக வருகிற ஒரே பேச்சு அந்த ‘சரிம்மா’தான். இன்னொரு தடவை அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் உனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரியே நீ நடந்துகொள்வதால் மறுபடி எழுதுகிறேன். உன் பெண்டாட்டி அகிலா, பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. அவளோடு நீ போய்ச் சேர, அந்த ஊர் மொழியில் ஒரே ஒரு ஆரம்பப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். பேரைச் சொல்ல வேண்டும், ஊரைச் சொல்ல வேண்டும், கடையில் ரொட்டி கேட்க வேண்டும், ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வேண்டும். கதை எழுதச் சொல்லவில்லை, கோர்ட்டில் வாதாடச் சொல்லவில்லை. அதில் இன்ஜினியரிங் படித்த நீ இரண்டு தடவை தோற்றாய். தோற்றதற்காக உன்னை நான் மட்டமாக நினைக்கவில்லை. நானும் பத்தாவதில் கணக்கில் தோற்று மறுபடி எழுதியவள்தான். தோற்ற பிறகு நீ சொன்ன காரணங்களைக் கேட்டபோதுதான் மட்டமாக நினைத்தேன்.

முதல் தடவை ‘மாஸ்டர் சரியில்லம்மா’ என்றாய். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மாடியில் நடந்த அந்த வகுப்பை விட்டுவிட்டு அண்ணா நகரில் இன்னொன்றில் சேர்ந்தாய். அங்கே கூட்டம் அதிகம், தனியாகக் கவனிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஆன்லைனுக்கு மாறினாய். ஆன்லைனில் நெட் நிற்கவில்லை. வகுப்பு மாற மாற ஒரு புதுப் பை, ஒரு புது நோட்டு, நாலு கலரில் மார்க்கர் பேனா. மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று என்று நீ கோடு போட்டு வைத்திருக்கும் அழகுக்குக் கோலப் போட்டியில் பரிசே கொடுக்கலாம். போனில் ஒரு ஆப் வேறு. தினமும் ஐந்து நிமிடம் தட்டினால் போதும், அது நெருப்புப் படம் காட்டி உன்னை மெச்சிக்கொள்கிறது. நூற்று நாற்பது நாள் விடாமல் தட்டியிருக்கிறேன் என்று என்னிடமே காட்டினாய். அந்த நூற்று நாற்பது நாளில் ஒரு நாளாவது, ஒரே ஒரு மனுஷனிடமாவது, அந்த மொழியில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினாயா என்று கேட்டேன். ‘அதுக்கெல்லாம் ஒரு ப்ராசஸ் இருக்கும்மா’ என்றாய். உன்னைப் பெற்றெடுக்கவே எனக்குப் பத்து மாதம்தான்டா ப்ராசஸ்.

கீழே கேட்டுக்குப் போய்ப் பார். நம் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் பீகாரிலிருந்து வந்தவர். வந்த அன்று அவருக்குத் தெரிந்த தமிழ் ‘வணக்கம்’ ஒன்றுதான். அவருக்கு மாஸ்டரும் இல்லை, மார்க்கர் பேனாவும் இல்லை. தண்ணீர் லாரி வராத நாளில் எல்லா வீட்டுக்காரர்களும் அவர் மேல்தான் பாய்ந்தார்கள், அவர் பதில் சொல்லியாக வேண்டும். நாலே மாதத்தில் லாரிக்காரரிடம் போனில், “இன்னா அண்ணாத்தே, காலைலேர்ந்து வந்துகினே கீறேன்றே, எங்கதான் கீறே?” என்று சத்தம் போட்டார். பால் பாக்கெட் வாங்கப் போன நான் அங்கேயே நின்று சிரித்தேன். அவர் பேசியதில் பாதி தப்பு, ஆனால் லாரி வந்துவிட்டது. நீ கேட்டைத் தாண்டும்போதெல்லாம் ‘சாப்ட்டாச்சா சார்’ என்று உன்னைக் கேட்கிறார். நீ காதில் ஜெர்மன் பாடத்தை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போகிறாய்.

இதே வீட்டில்தான் அகிலாவும் படித்தாள். எப்படிப் படித்தாள் என்று நீ கவனிக்கவில்லை, உனக்கு உள்ளறையில் கோடு போடும் வேலை இருந்தது. நான் பார்த்தேன். டியூட்டி முடிந்து வந்து சமையல்கட்டில் நின்றால், கையால் செய்வதையெல்லாம் வாயால் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே செய்வாள். வெங்காயத்திடம் பேசுவாள், குக்கரிடம் பேசுவாள். வார்த்தை வராத இடத்தில் தமிழைப் போட்டு நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள், நிற்க மாட்டாள். முதல் வாரம் எனக்குப் பயமாகிவிட்டது. “இன்னாம்மா, தனியா பேசிக்கினு கீறே, ஒடம்புக்கு எதுனா பண்ணுதா?” என்று கேட்டேன். “இல்லத்தே. அங்க போனா, ஊசி போடப் போறேன், கொஞ்சம் வலிக்கும், கையத் தளர்த்துங்கன்னு பேஷண்ட்கிட்ட சொல்லணும்ல. புக்குல என் பேரு, என் ஊரு, எனக்குப் புடிச்ச கலருன்னு போட்டிருக்கு. எனக்குப் புடிச்ச கலர எந்தப் பேஷண்ட் கேக்கப் போறாங்க?” என்றாள். வகுப்புக்கு அவளும்தான் போனாள். போகும்போது அன்று என்ன கேட்க வேண்டும் என்பதை உள்ளங்கை அகலக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போவாள். மாஸ்டர் பாட்டுக்குப் பாடம் நடத்த, இவள் பாட்டுக்குத் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். சரியில்லை என்று நீ விட்டுவிட்டு வந்தாயே, அதே மாஸ்டர்தான் அவளுக்கும்.

இரண்டாவது பரீட்சைக்கு என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். முப்பத்தொரு வயது ஆம்பளை, பரீட்சைக்கு அம்மா துணை. நான் வந்தது என் தப்பு, அதையும் எழுதிக்கொள்கிறேன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சுத் தேர்வுக்கு நாலு பேரை ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்கள். முடிந்து வெளியே வந்ததும் நீ யாரையும் பார்க்காமல் நேராக பாத்ரூம் பக்கம் போய்விட்டாய். உன்னோடு உள்ளே இருந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். எப்படிம்மா இருந்தது என்று கேட்டேன். “எனக்கு ஓகே ஆன்ட்டி. உங்க பையன்தான்... சூப்பரா ஆரம்பிச்சாரு. தண்ணி மாதிரி போய்க்கிட்டே இருந்தாரு. நடுவுல மேடம் போன் நம்பர் என்னன்னு கேட்டாங்க. ஒரு செகண்ட் முழிச்சிட்டு, திரும்பப் பேர்லேர்ந்து ஆரம்பிச்சிட்டாரு. மேடம் கையக் காட்டி நிறுத்தி, நம்பர் மட்டும்னு சொன்னாங்க. மறுபடியும் பேர்லேர்ந்து சொன்னாரு ஆன்ட்டி. மூணு தடவ.” பன்னிரண்டு வருடமாக நீ வைத்திருக்கும் நம்பர் அது. எண்கள் உனக்குத் தெரியாதா? ஆப்பில் எண்களுக்குத்தான் முதல் நெருப்புப் படம் வாங்கினாய்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள், அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு வேடிக்கையாக இல்லை. தடுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும் அந்த வித்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது இரண்டாம் வகுப்பு. என் வழியிலும் உன் அப்பா வழியிலும் எல்லோரும் நசரத்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். நானும் இப்போது நம்மோடு இல்லாத உன் அப்பாவும்தான் முதன்முதலில் கம்பெனி வேலைக்கு வந்தோம், நீதான் முதன்முதலில் இங்கிலீஷ் மீடியம். ஆண்டு விழாவில் மேடை ஏறி உன்னைப் பற்றி இங்கிலீஷில் பன்னிரண்டு வரி சொல்ல வேண்டும் என்றார்கள். டியூஷன் டீச்சரிடம் கெஞ்சி அந்தப் பன்னிரண்டு வரியையும் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். கம்பெனியிலிருந்து வந்து குளித்ததும் கையில் மர ஸ்கேலோடு உட்காருவேன். நீ எதிரில் நிற்பாய். ஒரு வார்த்தை தட்டினாலும், “மொதல்லேர்ந்து சொல்லு நைனா” என்பேன். மறுபடி தட்டினால் ஸ்கேல் பேசும். பத்து நாள் இப்படி. அதில் ஒரு வரிக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாதது நம்மில் யாருக்குமே ஒரு குறையாகப் படவில்லை.

விழா அன்று நீ கணீரென்று சொன்னாய். ஆறாவது வரியிலோ ஏழாவது வரியிலோ, மேடையில் உட்கார்ந்திருந்த விருந்தாளி குனிந்து உன் கன்னத்தைத் தட்டி இங்கிலீஷில் என்னவோ கேட்டார். உன் டீச்சர் பேர் என்ன என்று கேட்டாராம், பிறகு சொன்னார்கள். நீ நின்றுவிட்டாய். கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் கீழேயிருந்து ஆள்காட்டி விரலைச் சுழற்றி, முதலிலிருந்து சொல் என்று ஜாடை காட்டினேன். நீ அவர் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உன் பேரிலிருந்து ஆரம்பித்துப் பன்னிரண்டு வரியும் ஒப்பித்து முடித்தாய். எல்லோரும் கை தட்டினார்கள். கேள்வி கேட்ட அந்த மனுஷனும் தட்டினார். எனக்குப் பெருமையில் அழுகையே வந்துவிட்டது. அன்று கை தட்டியவர்களையெல்லாம் இப்போது வரிசையாக நிற்க வைத்துத் திட்டலாம் போல இருக்கிறது. முதல் ஆளாக நான் நிற்க வேண்டும்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்தவர்கள் எந்த கிளாஸ் படிக்கிறே என்று உன்னைக் கேட்டால் நான் பதில் சொல்வேன். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் உன்னைக் கேட்டால் நான் சொல்வேன். பெண் பார்க்கப் போன இடத்தில், லீவு நாளில் என்ன பண்ணுவீங்க என்று அகிலா உன்னைப் பார்த்துத்தான் கேட்டாள், “அவன் ஊட்லதான் கீவான்மா, எங்கயும் போவ மாட்டான்” என்று நான் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுக்கு அன்றே புரிந்திருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.

ஒப்பித்தால் பேச்சாகாது, புரியாததைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு அதற்கு ரொம்ப முன்பே புரிந்திருந்தது, ஆனால் அது உன்னை வைத்து இல்லை. நீ காலேஜில் முதல் வருடம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். இப்போது நீ ஏசியில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட அந்தக் கம்பெனிதான். என் லைனுக்கு ஜார்க்கண்டிலிருந்து பதினெட்டுப் பெண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒருத்திக்கும் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. நான் என்ன செய்தேன்? தமிழையே இன்னும் சத்தமாகப் பேசினேன். புரியாதவர்களிடம் கத்தினால் புரிந்துவிடும் என்று நினைக்கிற முட்டாள்கள் எல்லா ஊரிலும் உண்டு, அந்த எஸ்டேட்டில் அது நான்தான்.

அதில் ஒருத்தி பேர் ஃபூல்மணி. காலர் தைப்பவள், கை சுத்தம். ஒரு நாள் காலையிலிருந்து அவளிடம் வேலை தேங்கிக்கொண்டே வந்தது. போய்க் கேட்டேன். என்னவோ சொன்னாள். “இன்னாடி மொணகறே? ஒயுங்கா தெய்யி” என்று கத்திவிட்டுப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னாள், கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். சாக்கு சொல்கிறாள் என்று நினைத்து மறுபடி கத்தினேன். மூன்றாவது தடவை சொன்னபோது நான் திரும்பியே பார்க்கவில்லை. சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நெற்றி பட்டு ரத்தம். தூக்கும்போதுதான் தெரிந்தது, உடம்பு கொதித்தது. காய்ச்சல் என்று மூன்று தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். என்ன சொல்றே, இன்னொரு தடவை சொல்லு என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? கேட்டால் எனக்குத் தெரியாது என்பது லைன் முழுக்கத் தெரிந்துவிடுமே. நான் சூப்பர்வைசர் இல்லையா!

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய இந்திப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். முதல் பக்கத்தில் இது மரம், அது மலை என்று போட்டிருந்தது. என் லைனில் மரமும் கிடையாது, மலையும் கிடையாது. மறுநாள் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். துணிக் கட்டோடு வரும் பண்டில் டிக்கெட்டின் பின்பக்கம் காலியாக இருக்கும். அதில் எனக்கு என்னென்ன தேவை என்று தமிழில் எழுதினேன். எங்கே வலிக்குது? சாப்பிட்டியா? இதைப் பிரிச்சுத் திரும்பத் தை. வீட்டிலிருந்து போன் வந்ததா? பயப்படாதே. எல்லாவற்றுக்கும் மேலே, மறுபடி சொல்லு. அதை அந்தப் பெண்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு டிக்கெட், மாராப்பில் குத்தி வைத்துக்கொள்வேன். சூப்பர்வைசர்கள் மேஜையை விட்டுவிட்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். மூன்று வாக்கியமாவது இந்தியில் பேசாமல் டிபன் பாக்ஸைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். அந்த மேஜைக்காரர்கள், “இன்னாக்கா, டெல்லிக்குப் போறியா?” என்று கிண்டல் செய்தார்கள். பெண்கள் என் இந்தியைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நெற்றியில் பிளாஸ்திரியோடு ஃபூல்மணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. நான் இந்தி பேச ஆரம்பித்த ஏழாவது மாதம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவள் சொன்னதை டாக்டருக்குச் சொன்னது நான். அந்தப் பாஷை நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறவர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கட்டும், எனக்கு அவள் காய்ச்சல் என்று சொன்னால் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியுமா? ஒரு தடவை திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, பானி பூரி விற்கிற வடநாட்டுக்காரரிடம் எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். “அம்மா, எல்லாம் தப்புத் தப்பா பேசற. மானம் போகுது, வா” என்றாய். உனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அந்த மனுஷன் தன் மகளின் போட்டோவை எடுத்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார், நீ தப்பு எண்ணிக்கொண்டிருந்தாய். நானும் படித்த பிள்ளை சொல்கிறானே என்று வாயை மூடிக்கொண்டேன். படித்த பிள்ளை! அன்று அங்கேயே உன் தலையில் ஒரு குட்டு வைத்திருந்தால் இன்று இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது.

இப்போது பொய்க்கு வருகிறேன். இரண்டாவது பரீட்சையின் ரிசல்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது. ‘ரிசல்ட் இன்னும் வரலைன்னு சொல்லிடும்மா, நான் அடுத்ததுல பாஸ் பண்ணிட்டு சொல்லிக்கிறேன்’ என்றாய். நானும் வழக்கம் போல உன் வாயாக இருந்து, வரலைம்மா என்று அகிலாவிடம் சொன்னேன். அதைவிடப் பெரிய பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸ் செய்தவள் அவள். ரிசல்ட் எத்தனை நாளில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “அப்படியாங்கத்தே” என்றாள். பிறகு, அங்க மழையாங்கத்தே என்று கேட்டாள். அதுவரைக்கும் ஒவ்வொரு போனிலும் வைக்கும் முன்னால், ‘அவரு எப்ப வர்றாரு, ஏதாச்சும் தெரிஞ்சுதா அத்தே’ என்று கேட்பாள். இந்த மூன்று வாரமாகக் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாள், “ஒரு ரூம் வீட்டுக்கு மாறிடலாம்னு பாக்கறேன் அத்தே. எனக்கு ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு ரூம்? இந்த மாசக் கடைசில வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடணும்.” அந்த இரண்டு ரூம் வீட்டை அவள் யாருக்காகப் பிடித்தாள்? வீடியோவில் அந்தச் சின்ன ரூமைக் காட்டி, இது அவர் உக்காந்து வேலை பாக்கறதுக்கு, ஜன்னல் பக்கம் டேபிள் போட்டிருக்கேன் என்று காட்டினாளே, அன்று நீயும் என் பின்னால் நின்று பார்த்தாய். ‘நைஸ்’ என்றாய். அவள் அந்த டேபிளை மடக்கிவிட்டால் அப்புறம் நீ பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கி அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு இன்னும் பயம் வராததுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று நானே அவளைக் கூப்பிட்டேன். “கண்ணு, ரிசல்ட் விசயத்துல நான் உன்னாண்ட பொய் சொல்ட்டேன். மன்னிச்சிக்கோ. மீதிய என்னாண்ட கேக்காத, அவனாண்டயே கேளு” என்றேன். “தெரியும் அத்தே. நீங்க சொல்றப்பவே தெரியும். அவரு சொல்லுவாருன்னு பாத்துட்டிருந்தேன்” என்றாள். என் பொய்க்கு நான் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. உன் பொய் அப்படியே இருக்கிறது, அதை நான் தொடவில்லை.

உனக்குப் பாடம் சொல்லித்தர எனக்கு ஜெர்மனில் ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்தாலும் தரமாட்டேன். அங்கே இறங்கியதும் உன் வாயில் முதலில் என்ன வரவேண்டும் என்பதை நீ யோசி. உனக்கு எந்த வேலை கிடைக்கும், யாரிடம் போய் நிற்பாய், என்ன கேட்பாய், அவர்கள் என்ன திருப்பிக் கேட்பார்கள், அதை நீ எழுது. தினமும் ஒரு ஆளிடம் தப்பாகப் பேசு, அவர் சிரித்தால் நின்று கேட்டுக்கொள். ஆள் எங்கே கிடைக்கும் என்று கேட்காதே. அகிலா வேலைக்குப் போகிற வழியில் தினமும் இருபது நிமிடம் டிராமில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அது எனக்கே தெரியும், அவளுக்குப் புருஷன் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கும் உனக்குத் தெரியவில்லை. அங்கே போன முதல் வாரம் எந்த வார்த்தை கை கொடுத்தது என்று அவளை ஒரு தடவை கேட்டேன். “எவ்வளவோ படிச்சிட்டுப் போனேன் அத்தே. மொத நாள் ஒரு பெரியவர் பேசினது ஒண்ணுமே புரியல. தயவுசெஞ்சு மறுபடி சொல்லுங்க, மெதுவா சொல்லுங்கன்னு அன்னிக்குப் பூரா அதத்தான் சொன்னேன். அவரு கைய ஆட்டி ஆட்டிச் சொல்லிக்குடுத்தாரு” என்றாள். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் பண்டில் டிக்கெட் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு வாக்கியம் உன் கைடில் முதல் பாடத்திலேயே இருக்கிறதாம், நீ அதை மஞ்சளில் கோடு போட்டும் வைத்திருக்கிறாய். பரீட்சையில் அதைச் சொல்லியிருந்தால் அந்த மேடம் மெதுவாக மறுபடி கேட்டிருப்பார். தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள உனக்கு வாய் வரவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் வரவில்லை, அதற்கு ஒரு பெண்ணின் நெற்றி உடைந்தது.

மாதிரி விடை போட்ட உன் மூன்று கைடுகளையும் என் பையில் எடுத்து வைத்தேன், ஆவடிக்குக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று. பிறகு எடுத்து உன் அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அதையும் நானே செய்தால் அப்புறம் நான் ஆவடிக்குப் போவதில் அர்த்தமே இல்லை. வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா என்று நீ பார்த்துக்கொள். வகுப்புக்குப் போவதா வேண்டாமா, காலையில் படிப்பதா மாலையில் படிப்பதா என்று எனக்குப் போன் செய்து கேட்டால் நான் எடுக்க மாட்டேன். உன் சித்தியிடமும் சொல்லி வைக்கிறேன். காய்ச்சல் என்றால் மட்டும் கூப்பிடு.

இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணிக்கு அகிலா கூப்பிடுவாள். எப்போதும் என் போனுக்கு வரும். நான் பேசி முடித்து உன்னிடம் நீட்டுவேன், நீ ‘ம்’, ‘சாப்டியா’, ‘சரி’ என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டு என்னிடமே திருப்பித் தருவாய். இன்று உன் போனுக்கே கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். எடு. தோற்றுவிட்டேன் என்று சொல், மூன்று வாரமாக மறைத்தேன் என்று சொல். தமிழிலேயே சொல், உனக்கு அதுவே இன்னும் சரியாக வரவில்லை. அந்த வீட்டை மாற்றாதே என்று கேட்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், அதை நான் சொல்லித்தரப்போவதில்லை. ஆறு மணிக்குள் நீ என்னென்ன பேசுவது என்று யோசித்து வரி வரியாக மனதில் அடுக்கி வைப்பாய், எனக்குத் தெரியும். நடுவில் அவள் ஏதாவது கேட்பாள், அது உன் வரியில் இருக்காது. வாய் அடைத்துக்கொள்ளும். நிமிர்ந்து என்னைத் தேடுவாய். நாற்காலி காலியாக இருக்கும். அப்போது திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்காதே நைனா. நின்ற இடத்திலிருந்து பேசு.

இனி உனக்காகப் பேசப்போவதில்லை,
அம்மா